சரளைக்கல்லில் முளைத்த சாரணை

சுவிஸ் நாட்டில் தானாக முளைத்து வளரும் செடிகளின் பதிவில், ஒரு செடிக்குப் பக்கத்தில், முதலில் கண்டவர் என்று என் பெயர் இருக்கிறது. இதை நான் அடக்கமாகச் சொல்லப்போவதில்லை. அடக்கமாகச் சொல்லவேண்டியதை எல்லாம் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். விசா தந்ததற்கு நன்றி, வேலை தந்ததற்கு நன்றி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்கு நன்றி. செடியைக் கண்டது என் கண். அதற்கு நான் யாருக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை.

டீட்டிகோனில் நான் வேலை செய்யும் இடத்தை எங்கள் ஆட்கள் லாகர் என்பார்கள். கடைகளுக்குப் போகும் சாமான்களைப் பிரித்து, அடுக்கி, லொறியில் ஏற்றும் பெரிய பண்டகசாலை. அதன் பின்புறம் லொறிகள் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவற்றைத் தாண்டினால் தார் முடிந்து ஒரு துண்டு சரளைக்கல் நிலம். அதன் ஒரு பக்கம் சைக்கிள் பாதை. மறுபக்கம் ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவேலி; வேலிக்கு அப்பால் சரக்கு ரயில் தண்டவாளங்கள். மதிய இடைவேளையில் புகைபிடிப்பவர்கள் எல்லாரும் நிழலில் நிற்பார்கள். நான் வெயிலில் போய்ச் சரளைக்கல்லில் குந்தியிருப்பேன். ஆரம்பத்தில் எனக்கு ஏதோ வீட்டுப் பிரச்சினை என்று நினைத்து மேற்பார்வையாளர் வந்து மெல்ல விசாரித்தார். செடி பார்க்கிறேன் என்றேன். அதன்பிறகு ஒருவரும் விசாரிக்கவில்லை.

செடி பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, அது ஒரு பழைய கோபம். மன்னாரில் உயர்தர வகுப்பில் தாவரவியல் படித்தேன். அதில்தான் எனக்கு நல்ல புள்ளி. சோதனைக்கு முதல் சண்டை பெருத்து, பள்ளிக்கூடத்தில் சனம் அகதிகளாக வந்து இருந்தது. படிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது. பிறகு கல்யாணம், சுவிஸ், பிள்ளை, லாகர் என்று காலம் ஓடிவிட்டது. ஆனால் பஸ் தரிப்பிடத்திலிருந்து லாகர்வரை நடக்கும் வழியில் எத்தனையோ செடிகளைக் கடந்து போவேன். எந்தக் குடும்பம் என்று பூவைப் பார்த்தால் சொல்வேன், பெயர் மட்டும் ஒன்றுக்கும் தெரியாது. எத்தனை வருடம்தான் தெரியாத ஆட்களுக்கு நடுவே நடப்பதுபோல நடப்பது? ஒருநாள் பொறுக்கமுடியாமல், வெளியில் போய்ச் செடிகளை அடையாளம் காணச் சொல்லித்தரும் மாலை வகுப்பு ஒன்றில் பெயரைப் பதிந்துவிட்டேன்.

முதல்நாள் வாசலில் நின்ற பெரியவர், மிகுந்த அன்போடு, ஜெர்மன் வகுப்பு பக்கத்து அறையில் என்று கை காட்டினார். நான் புல் படிக்க வந்திருக்கிறேன் என்று அவருக்கு ஜெர்மனிலேயே சொன்னேன். பாவம், முகம் சிவந்துவிட்டது. அந்த வருடம் முழுவதும் அவர்தான் எனக்குப் பக்கத்தில் இருந்து படித்தார். நல்ல மனுஷர், ஆனால் புல்லில் சரியான மந்தம். சனிக்கிழமைகளில் எல்லாரும் மலைச்சப்பாத்துப் போட்டுக்கொண்டு வயல் ஓரம், ஆற்று ஓரம் என்று போவோம். ஒவ்வொருவர் கழுத்திலும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும். என் கழுத்தில் தாலிக்கொடியும் கண்ணாடியும் சேர்ந்தே தொங்கின. குனியும்போது இரண்டும் சிக்குப்படும். வகுப்பு முடிவில் சோதனை வைத்தார்கள். நன்றாகவே தேறினேன். சான்றிதழை வீட்டு விறாந்தையில், பிள்ளை தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய படத்துக்குப் பக்கத்தில் கொழுவினேன்.

எங்கள் சொந்தத்தில் இது பெரிய பகிடியாகப் போயிற்று. லாங்கன்தாலில் இருக்கும் என் மச்சாள், அதாவது கணவரின் தங்கை, எனக்குப் புல்லுக்காரி என்று பெயர் வைத்தாள்.

“மாடும் இல்லை, ஆடும் இல்லை. ஆருக்கடி புல்லுப் பிடுங்கப் போறாய்?” என்று சபையில் வைத்தே கேட்பாள்.

நானும் சும்மா விடமாட்டேன். உனக்குத்தான் என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு உள்ளுக்குள் புகையும். ஒருநாள் இவர்களுக்கெல்லாம் வாய் அடைக்க வேண்டும் என்று நினைப்பேன். இதை மறைப்பதில் என்ன இருக்கிறது?

என் கணவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறார். அதிகம் வாய் திறக்காத மனுஷர், சண்டைக்கு வராதவர். அவருக்கு ஒரே ஒரு வருத்தம். பச்சையாக எது நின்றாலும் அதற்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் பல்கனியில் கறிவேப்பிலையும் மிளகாயும் குளித்துக்கொண்டே நிற்கும். பக்கத்து வீட்டார் விடுமுறையில் போனால், அவர்கள் கேட்காமலே அவர்களுடைய பூந்தொட்டிகளுக்கும் எட்டி நின்று ஊற்றுவார். ஒருமுறை ஓர் அலுவலகத்தின் வரவேற்பறையில் இருந்த பிளாஸ்டிக் செடிக்கும் ஊற்றியிருக்கிறார். அவர் பிறந்த இடத்தில் கோடை வந்தால் கிணறு வற்றி, உப்புக் கரிக்கும். அங்கே வாடும் பயிரைக் கண்டும் காணாமல் போகிறவனை மனுஷக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

இனி அந்தச் செடிக்கு வருகிறேன். ஒரு ஜூலை மாத மதியம். வெயில் சரளைக்கல்லில் பட்டுக் கண்ணைக் குத்தியது. வழக்கமாக அங்கே நிற்பவை எல்லாம் நின்றன. ஜெர்மனில் பாம்புத்தலை என்று சொல்லும் நீலப்பூச் செடி, மஞ்சள் பூக்கள், வாடிய புல். அவற்றுக்குக் கீழே, தரையோடு தரையாக, தண்டு சிவந்து இலை தடித்து ஒன்று படர்ந்து கிடந்தது. அதைக் கண்டதும் எனக்கு முதலில் வந்த எண்ணம் தாவரவியல் இல்லை. தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தால் நன்றாக இருக்கும் என்பதுதான். அந்த எண்ணம் வந்து முடிவதற்குள் நெஞ்சு திக்கென்றது.

பருப்புக்கீரையாக இருக்கும் என்று என்னையே அடக்கினேன். பருப்புக்கீரை இந்த நாட்டில் எங்கும் முளைப்பதுதான், அதற்கும் தடித்த இலை, சிவந்த தண்டு. ஆனால் அதற்கு மஞ்சள் பூ. இதில் இலைக்காம்பின் அடியில், ஒரு சிறு பைக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதுபோல, இளஞ்சிவப்பில் பூ விரிந்திருந்தது. கண்ணாடியை வைத்துக்கொண்டு தரையில் படுத்தேவிட்டேன். இலைகள் சோடி சோடியாக இருந்தன. ஒவ்வொரு சோடியிலும் ஓர் இலை பெரிது, எதிரே நிற்பது சிறிது. சந்தேகமே இல்லை. சாரணை. மன்னாரில் கடற்கரைப் பக்கத்து வெறுந்தரையில் மிதிபட்டுக் கிடக்கும் சாரணை, டீட்டிகோனில் லொறிப் புகைக்குள் பூத்துக்கொண்டு கிடந்தது.

வீட்டுக்கு வந்து இந்த நாட்டுச் செடிகளின் புத்தகங்கள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். இல்லை. இணையத்தில் உள்ள பதிவுகளிலும் தேடினேன். இல்லை. எடுத்த படங்களைச் செடிப் பதிவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

எங்கள் பகுதியிலிருந்து வரும் புதிய பதிவுகளைச் சரிபார்ப்பவர் ஒரு பெண். முன்பு மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர். வகுப்பின் சனிக்கிழமைப் பயணங்களில் அவரை எனக்குத் தெரியும். நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வீட்டில் மட்டும் எங்களுக்கு அவர் மருந்துக்கடை அம்மா. படம் போன அன்றே பதில் வந்தது. தொடவேண்டாம், வருகிறேன் என்று மட்டும் இருந்தது.

அடுத்த நாள் மதியம் வந்தார். பாதுகாப்புச் சட்டை போட்டுக்கொண்டு, முழங்காலுக்குத் தோல் உறை கட்டிக்கொண்டு, சரளைக்கல்லில் மண்டியிட்டார். இலையை அளந்தார், பூவுக்குள் பார்த்தார், மணந்தும் பார்த்தார். பிறகு எழுந்து, இதை இந்த நாட்டில் நான் கண்டதில்லை, கண்டவரையும் எனக்குத் தெரியாது என்றார். எனக்கு இரண்டு காதும் சுட்டன. லாகருக்குள் ஓடிப்போய் ஒலிபெருக்கியில் சொல்லவேண்டும்போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். நீயோ, உன் வீட்டாரோ, உங்கள் ஆட்கள் யாராவதோ இங்கே விதை போட்டீர்களா?

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் ஆட்கள் என்றால் எல்லாவற்றையும் ஊரிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வருபவர்கள் என்ற நினைப்பா என்று கேட்டேவிட்டேன். அவர் அசையவில்லை. இதே கேள்வியைப் போன மாதம் ஒரு பேராசிரியரிடமும் கேட்டேன், அவரும் உன்னைப்போலத்தான் முறைத்தார் என்றார். பிறகு எனக்குத் தெரிந்ததையே ஆறுதலாக எடுத்துச் சொன்னார். தோட்டத்தில் நட்டது பதிவில் சேராது. தானாக வந்து, தானாக நிற்கவேண்டும். ஒரு கோடைக்கு மட்டும் வந்து போனால் அது விருந்தாளி. காய்த்து, விதை விழுந்து, அந்த விதை அடுத்த கோடையில் யாருடைய கையும் படாமல் முளைத்தால், இந்த நாட்டில் தானாக வளரும் செடி என்று எழுதலாம். ஆகவே இனிப் பிடுங்கக்கூடாது, களை எடுக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. தாகத்தில் செத்தால் அதுவும் ஒரு தகவல் என்றார். சரி என்றேன். அந்தக் கணத்திலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசைதான். அந்தச் செடி காய்க்கவேண்டும், அடுத்த வருடம் தன்பாட்டில் திரும்பி வரவேண்டும்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் போய், அந்த மூலையில் மட்டும் களை பிடுங்கவேண்டாம் என்று கேட்டேன். அவருக்கு வேலை குறைந்த சந்தோஷம். தடிகள் நட்டுச் சிவப்பு வெள்ளை நாடாவும் கட்டித் தந்தார். மச்சாளுக்கும் செய்தி போயிற்று. ஒரு பிடி ஆய்ந்துகொண்டு வா, வறைக்குக் காணும் என்றாள். இலையில் கை வைத்தால் பொலிசைக் கூப்பிடுவேன் என்றேன். அவள் பகிடி என்று நினைத்தாள்.

ஓகஸ்ட் வந்ததும் மழை நின்றது. லிம்மாத் ஆறு மெலிந்துபோனது. சரளைக்கல்லில் பாம்புத்தலையும் கருகியது, புல்லும் பொசுங்கியது. சாரணையும் ஒருநாள் தலை சாய்ந்தது. இலைகள் சுருங்கித் துவண்டு கிடந்தன. கையில் தண்ணீர்ப் போத்தலோடுதான் நின்றேன். மூடியைத் திறக்கவில்லை. செத்தாலும் தகவல், செத்தாலும் தகவல் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். அன்று மாலை வீட்டில் சோறு இறங்கவில்லை. ஏன் என்று கணவர் கேட்டார். செடி சாகப்போகிறது என்று மட்டும் சொன்னேன்.

அதிசயம் என்னவென்றால் செடி சாகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் இலை நிமிர்ந்தது, புதுத் தளிர் விட்டது, பூத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாருங்கள், ஒரு துளி மழை இல்லை, எப்படி நிற்கிறது என்று மருந்துக்கடை அம்மாவுக்குப் படத்தோடு எழுதினேன். மன்னார்ச் செடி என்றால் சும்மாவா என்றும் ஒரு வரி சேர்த்தேன். அவரும் மிகுந்த ஆச்சரியத்தோடு பதில் எழுதினார்.

ஒரு திங்கட்கிழமை மதியம் போய்ப் பார்த்தேன். செடியைச் சுற்றிச் சரளைக்கல்லை வட்டமாக அடுக்கி, நடுவில் தாழ்த்தி, அழகாக ஒரு பாத்தி கட்டியிருந்தது. பாத்திக்குள் ஈரம் இன்னும் காயவில்லை. லிம்மாத் பள்ளத்தாக்கில் இப்படிப் பாத்தி கட்டக்கூடிய ஆள் ஒரே ஓர் ஆள்தான். அவரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னரே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிள் பாதையால் போய் ஊற்றியிருக்கிறார். நான் மதியம் பார்ப்பதற்குள் வெயிலில் கல் காய்ந்துவிடும். ஊற்றிய தண்ணீர் கல்லுக்குள் ஓடி வீணாகிறது என்றுதான் பாத்தியும் கட்டினாராம்.

“வாடி விழுந்து கிடந்துது. பாத்துக்கொண்டு எப்பிடிப் போறது?” என்றார். “நீர் ஆசைப்பட்ட செடியெல்லோ.”

நான் ஆசைப்பட்டது செடியை இல்லை, அது தன்பாட்டில் நிற்பதை என்று கத்தினேன். தண்ணீர் ஊற்றினால் அது வீட்டுச் செடி, உங்கள் கறிவேப்பிலைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் கதிரையில் இருந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், கல்லை எடுத்துவிடுவோம், எங்கள் இரண்டு பேரையும் தவிர யாருக்குத் தெரியப்போகிறது என்று மெல்லக் கேட்டார். என்னைத் தேற்றத்தான் கேட்டார், எனக்கு விளங்கியது. ஆனால் என் பெயர் நிற்கப்போகும் இடத்தில் பொய் நிற்கக்கூடாது. அதில் எனக்கு இரண்டு மனமே இருக்கவில்லை.

அன்றே மருந்துக்கடை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சொல்லி முடிப்பதற்குள் கணவர் எழுந்து வந்து தொலைபேசியை வாங்கினார். அவருடைய ஜெர்மன் சமையலறையோடு சரி. நான்தான் செய்தேன், அவள் இல்லை, அவளுக்குத் தெரியாது என்று அந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு மருந்துக்கடை அம்மா என்னிடம், சொன்னதற்கு நன்றி, இந்த வருடத்துப் பதிவைத் தானாக நின்றது என்று எழுதமுடியாது என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. செப்டெம்பரில் மழையும் வந்தது. செடி காய்த்தது. காய்க்கு மூடிபோல ஒரு மேல்பகுதி உண்டு, முற்றினால் அது கழன்று விழும். கறுத்த சிறு விதைகள் கல்லுக்குள் போவதைக் கண்ணாடியால் பார்த்தேன். இனி அடுத்த கோடை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒக்டோபரில் இயந்திரங்கள் வந்தன. லொறிகள் நிறுத்த இடம் போதவில்லை என்று எப்போதோ போட்ட திட்டமாம். சரளைக்கல்லை வழித்து எடுத்து, அந்தத் துண்டு முழுவதையும் தார் போட்டு மூடினார்கள். தடியும் நாடாவும் குப்பைக்குப் போயின. கட்டடம் பார்ப்பவர் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் என்ன செய்வார்? லாகரின் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். மச்சாள் என்ன சொல்லிச் சிரிப்பாள் என்பதும் அந்த அழுகையில் இருந்தது.

அந்தக் குளிர்காலம் வீட்டில் யாரும் செடி என்ற சொல்லை எடுக்கவில்லை. கணவர் கறிவேப்பிலைக்கு ஊற்றுமுன் என்னைப் பார்த்து, ஊற்றலாமோ என்று கேட்கத் தொடங்கினார். எனக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அடுத்த கோடையிலும் மதியத்தில் வெளியே போனேன். இருக்க இடம் இல்லை, வெறும் தார். பழக்கதோஷத்தில் வேலியோரம் நடப்பேன். ஜூலை முடியப்போகும் ஒரு நாள், கம்பிக்கு அப்பால், பாவனையில் இல்லாத ஒரு தண்டவாளத்தின் இரு கம்பிகளுக்கும் நடுவே சிவப்பாக ஏதோ படர்ந்திருந்தது. பழைய துணி என்று நினைத்தேன். வேலியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். தடித்த இலை. சிவந்த தண்டு. ஒரு செடி இல்லை. தண்டவாளத்தோடு நீளத்துக்குப் பாய் விரித்ததுபோல. லொறிச் சில்லில் போனதோ, வழித்த கல்லோடு போனதோ, காற்றும் மழையும் கொண்டுபோனதோ, எனக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். புகைபிடித்துக்கொண்டிருந்த ஒருவர் மயக்கமா என்று ஓடிவந்தார். அவருக்குச் சொல்ல எனக்கு ஜெர்மன் வரவில்லை, தமிழும் வரவில்லை.

உள்ளே போக ரயில்காரரிடம் அனுமதி எடுக்கச் சில வாரங்கள் சென்றன. அந்தச் சில வாரங்களும் மழை இல்லை. இந்த முறை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதைத் தவிர ஒருவராலும் ஒன்றும் செய்யமுடியாது. கணவர் ஒருநாள் என்னோடு வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு வந்து காரில் ஏறினார்.

அனுமதி கிடைத்த அன்று மருந்துக்கடை அம்மாவும் நானும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, கூட வந்த ரயில் ஊழியரின் பின்னால் தண்டவாளத்தில் நடந்தோம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டோம். சோடி இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பூ இளஞ்சிவப்பு. எண்ணத் தொடங்கி, எண்ணி முடியாமல் விட்டோம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் என் முகத்தில் இல்லை. ஏனென்றால் பல நாட்களாக என்னை ஒரு பயம் அரித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்காமல் எழுந்தால் எனக்கு மனம் ஆறாது.

கேட்டேன். இவை எல்லாம் போன வருடத்துச் செடியின் பிள்ளைகள். அந்தச் செடி ஓகஸ்டில் சாகக் கிடந்தது. என் கணவர் ஊற்றிய தண்ணீரில்தான் பிழைத்துக் காய்த்தது. அந்தத் தண்ணீர் இல்லையென்றால் இந்த விதையே இல்லை. அப்படியானால் இதுவும் கெட்டுப்போன பதிவுதானே?

ரயில் ஊழியர் நேரத்தைப் பார்த்தார். மருந்துக்கடை அம்மா கையில் இருந்த கண்ணாடியை மடித்தார். அவர் ஜெர்மனில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

“இதை யாரும் இங்கே விதைக்கவில்லை. யாரும் பார்த்து வளர்க்கவில்லை. தானாக முளைத்தது, தானாக நிற்கிறது. இதன் தாய்க்குத் தண்ணீர் கொடுத்தது யார் என்று நாங்கள் கேட்பதில்லை.”

அந்த நாலு வசனங்களையும் சிந்தாமல் வீடுவரை கொண்டுவந்து கணவரிடம் கொடுத்தேன். அவர் இன்னொருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுந்து பல்கனிக்குப் போனார். அன்று என்னைக் கேட்காமல் கறிவேப்பிலைக்கு ஊற்றினார்.

குளிர்காலத்தில் பதிவு வெளிவந்தது. செடியின் லத்தீன் பெயர், இடம் டீட்டிகோன், தானாக வளர்வது, நாட்டில் முதல் பதிவு, முதலில் கண்டவர் என்று என் முழுப்பெயர். நான் அதை எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று கேட்காதீர்கள். லாகரில் மேற்பார்வையாளர் அதை அச்செடுத்துக் கோப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார். புல்லில் மந்தமான அந்தப் பெரியவர் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். பேராசிரியர்கள் காணாத ஒன்றை நான் கண்டேன் என்பதல்ல என் பெருமை. யார் வேண்டுமென்றாலும் காணலாம். நான் கண்டதை, அது உண்மையாகும்வரை விடாமல் நின்றேன். அதுதான்.

அந்த வசந்தத்தில் மச்சாளின் மகளுக்கு முதல் நன்மை. லாங்கன்தாலில் மண்டபம் எடுத்து, சொந்தம் எல்லாம் கூடியிருந்தது. சாப்பாட்டு மேசையில் மச்சாள் வழக்கம்போலத் தொடங்கினாள். புல்லுக்காரி வந்திட்டாள், புல்லு என்ன சொல்லுது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், எந்தச் சபையிலும் குரல் உயர்த்தாத என் கணவர் எழுந்து நின்றார். தொலைபேசியில் அந்தப் பதிவைத் திறந்து எல்லாருக்கும் தெரியப் பிடித்தார்.

“சுவிசிலயே முதல் முதல் இதைக் கண்டது என்ர மனுசி,” என்றார். “இஞ்ச பாருங்கோ, பேர் கிடக்குது.”

தொலைபேசி கை மாறிக் கை மாறிப் போயிற்று. என்ன செடி என்று கேட்டார்கள். சாரணை என்றார். சாரணையோ என்று மண்டபமே சிரித்தது. மச்சாள் சிரிக்கவில்லை. என் பெயரை விரலால் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தாள். பிறகு, உதுக்கு இந்தக் குளிர் நாட்டில எப்பிடி உயிர் நிண்டது என்று நிமிர்ந்து கேட்டாள்.

“தண்ணி ஊத்தினது நான்,” என்றார் என் கணவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீருக்காக அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பதிவில் அதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் இன்னும் கதிரையில் இருக்கவில்லை, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“ஓம்,” என்றேன். “அவர்தான் ஊத்தினவர்.”